சைடு-பை-சைடு கட்டை அளவு: ரவை கீழேயும் இடப்பக்கமும் விழுகிறது, எங்கே கை வைப்பது?

#1 · இருவிசை

பழைய 12 போர் பாக்ஸ்லாக் (பூட்டு உலோகப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும் வகை) சைடு-பை-சைடு, அதாவது இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ரவைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டு விசை, நேரான கைப்பிடி, மெல்லிய முன்கட்டை, 28 அங்குலக் குழல், எடை ஆறரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். குழலும் பூட்டும் நன்றாகவே இருக்கின்றன. தகராறெல்லாம் தோளில் வைக்கும் மரக் கட்டையில்தான்.

ஓவர்-அண்டரில் (குழல் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளது) நான் அவ்வளவு மோசமில்லை. இதை எடுத்தால் மட்டும் களிமண் தட்டுகள் முழுசாகப் பறந்து போய் இறங்குகின்றன. சரி என்று 16 கஜத்தில் இரும்புத் தகடு வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ரவைக் கூட்டத்தின் நடுப்பகுதி குறிக்கு 4 அங்குலம் கீழே, 2 அங்குலம் இடப்பக்கம். அங்கேயும் இங்கேயும் சிதறவில்லை, ஏறக்குறைய அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகிறது.

அளவுகள்: முன்விசையிலிருந்து கட்டையின் அடி (தோளில் பதியும் பக்கம்) நடுவரை 14¼ அங்குலம். டிராப் (குழலின் மேல்கோட்டிலிருந்து கட்டை இறங்கும் அளவு), கன்னம் வைக்கும் மேல்விளிம்பு தொடங்கும் முனையில் 1 5/8, ஹீலில் (அடியின் மேல்மூலை) 2 7/8. காஸ்ட்-ஆஃப் (கட்டை வலப்பக்கம் விலகும் அளவு) ஹீலில் 1/8. டோவில் (அடியின் கீழ்மூலை) அளக்கவில்லை. என் உயரம் 5 அடி 11, கழுத்து நீளம், வலது தோளில் சுடுபவன்.

கட்டை குட்டையாக இருக்கிறது, பின்னால் ஒரு அங்குல ரப்பர் பேட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

#2 · தச்சன்கை

போடாதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

துப்பாக்கியைக் கவிழ்த்து மேசைமேல் படுக்க வைத்து, மேசைக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் எல்லோரும் செய்வது. ஓவர்-அண்டரில் அது சரியாக வரும். சைடு-பை-சைடில் பெரும்பாலும் ரிப் (குழல்மேல் நெடுக ஓடும் பட்டை) இரண்டு குழல்களுக்கும் நடுவே பள்ளமாகக் கிடக்கும். கவிழ்த்தால் மேசையில் உட்காருவது ரிப் அல்ல, குழல்களின் முதுகு. முனைமணி (குழல்வாயில் உள்ள குறிமணி) வேறு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். குழலில் நூலளவு வரும் பிழை, ஹீல் வரை கோடு நீளும்போது கூடுதலாகிவிடும்.

ரிப்பின் நடுவில், அறை முனையில் (தோட்டா வைக்கும் பக்கம்) ஒரு புள்ளி, முனைமணியின் அடியில் ஒரு புள்ளி, இரண்டையும் தொடும்படி ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பின்னால் நீட்டுங்கள். அதிலிருந்து கட்டைக்குச் செங்குத்தாக அளங்கள். மேல்விளிம்பின் முனையில் ஒன்று, ஹீலில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே உங்கள் கன்னம் உண்மையில் படும் இடத்தில் ஒன்று. அந்த மூன்றாவது அளவை யாரும் எழுதி வைப்பதில்லை. சுடுவதோ அந்த இடத்தை வைத்துத்தான்.

நீளத்தையும் ஹீல், நடு, டோ என்று மூன்றாக எடுங்கள். காஸ்ட்டை டோவிலும் பாருங்கள். பல கட்டைகளில் டோ ஹீலைவிட இன்னும் வெளியே முறுகியிருக்கும், அது வேண்டுமென்றே செய்வது.

#3 · கிளேராணி

கட்டையைத் தொடுவதற்கு முன்னால் கண்ணைப் பாருங்கள் சகோ. இடப்பக்கம் விழுகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை விரலால் சட்டென்று காட்டுங்கள். காட்டிய விரலை அசைக்காமல் இடக்கண்ணை மூடுங்கள். விரல் அங்கேயே நின்றால் வலக்கண் ஆளுகிறது. விரல் தாவினால் இடக்கண். வலத்தோளில் வைத்து இடக்கண் ஆண்டால் எந்தக் கட்டையும் உங்களுக்குப் பொருந்தாது. அதற்குக் கண்ணாடியில் ஒட்டு, கண் சுருக்குதல், தோள் மாற்றுதல் என்று வேறு வழி பார்க்க வேண்டும்.

#4 · இருவிசை

விரல் அசையவில்லை, வலக்கண்தான். இடக்கண்ணை மூடிக்கொண்டும் தகட்டில் சுட்டேன், அதே இடம்.

சட்டம் வைத்துத் திரும்ப அளந்தேன். முனையில் 1 9/16, ஹீலில் 2¾. கன்னம் படும் இடத்தில் ஏறக்குறைய 2 1/8. நீளம் ஹீல் வரை 14 3/8, நடுவில் 14¼, டோ வரை 14 5/8. காஸ்ட் ஹீலில் 1/8, டோவில் 3/16.

#5 · பழங்குழல்

தம்பி, ஒரு வார்த்தை. பழைய துப்பாக்கிகளை அறுப்பதும் வளைப்பதும் இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-இன் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க இரட்டைக்குழல்களைப் பாருங்கள். பார்க்கர், எல்.சி. ஸ்மித் எதை எடுத்தாலும் ஹீலில் 3 அங்குல டிராப் சாதாரணம். அந்தக் காலத்து ஆட்கள் தலையைக் குனியாமல் நிமிர்ந்து நின்று சுட்டார்கள். அந்த நிலைக்கு அந்தக் கட்டை. உங்களுடையது 2¾தான், அதைவிட நல்லதுதானே.

நிற்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஆகவில்லை என்றால் கன்னத்தில் கட்டும் தோல் உறை போதும். கழற்றினால் பழையபடி இருக்கும்.

#6 · தச்சன்கை

ஐயா சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கட்டைகள் அந்த நிலைக்குச் செய்யப்பட்டவைதான். ஆனால் அப்படி நிமிர்ந்து நின்றால் கன்னம் கட்டையில் ஒழுங்காகப் பதியாது, தாடைதான் தொடும். ஷாட்கன்னில் பின்குறி கிடையாது, சுடுபவரின் கண்தான் பின்குறி. கண் உயர்ந்தால் ரவை உயரும், கண் இடப்பக்கம் நகர்ந்தால் ரவையும் இடப்பக்கம் போகும். தாடையை வைத்துக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவது பெரிய பாடு.

சரி, பேட் விஷயத்துக்கு வருகிறேன். இருவிசையின் கட்டையில் முனை 1 9/16, ஹீல் 2¾. இடையே ஏறக்குறைய எட்டரை அங்குலத்தில் 1 3/16 அங்குலம் இறங்குகிறது. அதாவது கன்னம் ஒரு அங்குலம் முன்னே பின்னே போனால் கண் 1/8 அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கும். 16 கஜத்தில் அது 2 அங்குலத்துக்கு மேல். 40 கஜத்தில் ஐந்தரை. இப்போது பின்னால் ஒரு அங்குலம் சேர்த்தால் என்ன ஆகும்? துப்பாக்கி ஒரு அங்குலம் முன்னால் தள்ளிப் போகும், கன்னம் சரிவில் பின்னால், இன்னும் தாழ்வான இடத்தில் உட்காரும். ஏற்கெனவே கீழே சுடும் துப்பாக்கி இன்னும் கீழே சுடும். அதனால்தான் போடாதீர்கள் என்றேன்.

சரிவு கூடுதலாக உள்ள கட்டைக்கு இன்னொரு குணம் உண்டு. தோளுக்கு நேராகப் பின்னால் வர வேண்டிய உதை, ஹீல் தாழ்வாக இருப்பதால் குழலை மேலே தூக்கிக் கட்டையைக் கன்னத்தில் அறையும். இருவிசை, சுட்ட மறுநாள் கன்ன எலும்பு வலிக்கிறதா?

#7 · இருவிசை

வலிக்கிறது. 28 கிராம் தோட்டாவுக்கே. ஓவர்-அண்டரில் அதே தோட்டா ஒன்றுமே தெரியாது.

அதுதான் எனக்குப் புரியாதது. ஓவர்-அண்டரின் ஹீல் டிராப் 2¼. அதே அளவை இதில் கொண்டுவந்துவிட்டால் முடிந்ததா?

#8 · நூல்குண்டு

இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன், இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முடியாது. சைடு-பை-சைடு குழல்கள் பக்கவாட்டில் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டு வளைவுக்கு விறைப்பு, மேல்கீழ் வளைவுக்கு நெகிழ்வு. உதையின் கோடு தோளுக்கு மேலே போகிறது. சுடும் நொடியில் அறை முனை மேலே எழ, குழலின் வாய் ஒரு கணம் கீழே குனிகிறது. ரவை வெளியேறுவது அந்தக் குனிவில். குழல் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் குனிவும் அதிகம். ஓவர்-அண்டரில் ஒரு குழல்மேல் இன்னொன்று உட்கார்ந்திருப்பதால் மேல்கீழாக அசைய மறுக்கும், கீழ்க்குழல் தோளின் கோட்டுக்கு நெருக்கமாகவும் இருக்கும். அதனால் அதே டிராப், அதே முகம், ஆனால் ரவை விழும் உயரம் வேறு.

நல்ல தயாரிப்பாளர்கள் ரிப்பை அறைப்பக்கம் உயர்த்தி, முனையில் தாழ்த்தி வைப்பது இதற்கு ஈடுகட்டத்தான். அப்படியும் பலருக்கு சைடு-பை-சைடில் கொஞ்சம் உயரமான மேல்விளிம்பு தேவைப்படுகிறது. ஓவர்-அண்டர் அளவை நகலெடுக்காமல் இந்தத் துப்பாக்கியின் தகட்டு முடிவை மட்டும் நம்புங்கள்.

தகட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 16 கஜம் என்பது 576 அங்குலம். கண்ணிலிருந்து முனைமணி வரை ஏறக்குறைய 36 அங்குலம். வகுத்தால் 16. ஆக, கட்டையில் கண் 1/16 அங்குலம் நகர்ந்தால் தகட்டில் ரவை 1 அங்குலம் நகரும். 16 கஜத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்த வசதிக்குத்தான். உங்களுக்கு 4 அங்குலம் கீழே, அதனால் கன்னம் படும் இடம் 1/4 அங்குலம் உயர வேண்டும். 2 அங்குலம் இடப்பக்கம், அதனால் அதே இடம் 1/8 அங்குலம் வலப்பக்கம் போக வேண்டும்.

ரைபிள்போல் நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. கண்ணை மணியில் வைத்துவிட்டால் கழுத்து தானாகவே தப்பைச் சரிசெய்துவிடும். குறியை மட்டும் பார்த்து, தோளில் ஏறியவுடன் விசையை இழுக்க வேண்டும்.

#9 · கிளேராணி

நூல்குண்டு சொன்ன கடைசி வரிக்கு ஒரு துணை வரி. துப்பாக்கியைத் தோளில் ஏற்றும் பழக்கம் நிலையாக இல்லாதவருக்குக் கட்டை அளவு சொல்வதில் அர்த்தமில்லை. துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலியா என்று பார்த்துவிட்டு, கண்ணாடி முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். வலக்கண் கருவிழி ரிப்புக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தால் தச்சரிடம் போக இன்னும் நேரம் வரவில்லை.

இருவிசையின் ரவை ஒரே இடத்தில் விழுகிறது என்றதால் ஏற்றம் நிலையாகத்தான் இருக்கிறது போல.

இன்னொன்று, பிட்ச், அதாவது கட்டை அடியின் சாய்வு பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. கட்டையின் டோ மார்பில் குத்திக்கொண்டே இருக்கும், வலிக்குப் பயந்து தோளை முன்னே தள்ளுவேன், உடனே ரவை ஓடிவிடும். டோவைக் கொஞ்சம் சீவி, டோவிலேயே காஸ்ட்டைக் கூட்டியதும் கட்டையின் அடி முழுதும் தோளில் பதிந்தது. பெண்களுக்கும் மார்பு அகன்ற ஆண்களுக்கும் பிட்ச் கொஞ்சம் அதிகம் வேண்டும். அளப்பது சுலபம்: கட்டையின் அடி தரையில் முழுதாகப் பதியும்படி சுவரோரம் நிமிர்த்தி, அறைப்பகுதியின் மேல் சுவரைத் தொடும்படி வையுங்கள். குழல்வாய்க்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

#10 · இருவிசை

சுவரில் வைத்துப் பார்த்தேன், குழல்வாய் 2 அங்குலம் விலகி நிற்கிறது. குத்தல் எதுவும் இல்லை.

தகட்டுக் கணக்கைச் சோதிக்க மேல்விளிம்பில் அட்டைத் துண்டுகளை அடுக்கி, மேலே துணி டேப் சுற்றிச் சுட்டேன். 3/16 உயர்த்தியதும் நடுப்பகுதி சரியாக 3 அங்குலம் மேலே வந்தது. கணக்கு அப்படியே வேலை செய்கிறது! ஆனால் இடப்பக்க விலகல் குறையவில்லை, கொஞ்சம் கூடிவிட்டது. ஏன்?

#11 · தச்சன்கை

டேப்பைப் பக்கவாட்டிலும் சுற்றியிருப்பீர்கள். வலத்தோள்காரர் கன்னம் வைப்பது கட்டையின் இடப்பக்கம். அங்கே தடிமன் கூடினால் முகம் இடப்பக்கம் தள்ளப்படும், கண்ணும் கூடவே போகும். தோல் உறையிலும் இதே தொல்லைதான். கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு சட்டைப் பித்தான் போடுவதுபோல, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும். பழங்குழல் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது வளைப்பது. இந்தத் துப்பாக்கிக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு.

முதலில் கட்டையைக் கழற்றி, கைப்பிடிக் கழுத்தில் மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கழுத்தின் நீளத்துக்கு நேராக ஓடினால் நிம்மதி. குறுக்கே வெட்டி ஓடினால் வளைக்கும்போது அங்கேதான் பிளக்கும். மேல்பட்டையின் வால் (பூட்டிலிருந்து கழுத்தின்மேல் நீளும் உலோகப் பட்டை) மரத்தில் முடியும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். பழைய விரிசலோ ஒட்டோ இருந்தால் வேண்டாம். கட்டையின் உள்ளே நெடுக போல்ட் ஓடும் துப்பாக்கி என்றால் வேறு கதை, உங்களுடைய பாக்ஸ்லாக்கில் மேல்கீழ் திருகாணிகள்தான் இருக்கும்.

வேலை இப்படி நடக்கும்: சட்டத்தில் துப்பாக்கியைப் பிணைத்து, கழுத்தைச் சூடான ஆளி எண்ணெய் நனைத்த துணியாலோ அகச்சிவப்பு விளக்காலோ மெதுவாகச் சூடேற்றுவார்கள். வால்நட் சூடு ஏறியதும் இளகும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, வேண்டிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, அப்படியே ஆற விடுவார்கள். விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும், அதற்காகத்தான் கூடுதல். வளைந்தபின் விசைக்காப்பின் வாலையும் கழுத்தினூடே போகும் திருகாணியையும் மரத்துக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கினால் விசை உரசும்.

அளவு என்று பார்த்தால், வளைவு கழுத்தில் நடக்கிறது. கன்னம் படும் இடம் கழுத்திலிருந்து ஆறு அங்குலம் பின்னால் என்றால், அங்கே 1/4 உயர, ஹீல் ஏறக்குறைய 1/2 உயரும். 2¾ ஆனது 2¼க்கு வரும். மேல்விளிம்பின் முனை கழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் 1/8 அளவுதான் ஏறும். சரிவும் குறைந்துவிடும், கன்னத்தில் அறைவது நிற்கும்.

காஸ்ட்டை முழுக்க வளைத்து எடுக்க வேண்டாம். கன்னத்தில் 1/8 வேண்டுமென்றால் ஹீலில் 1/4 கூடும். பாதியை வளைத்து எடுங்கள், மீதிப் பாதியை மேல்விளிம்பின் இடப்பக்கத்தைச் சீவி எடுக்கலாம். பழைய கட்டைகளில் அந்த இடம் பெரும்பாலும் தடிமனாகவே இருக்கும்.

ஒரு பின்விளைவு உண்டு. கட்டையின் பின்பகுதி மேலே எழும்போது அதன் அடியும் கூடவே திரும்பும். ஹீல் முன்னே வரும், டோ பின்னே தள்ளும். ஏறக்குறைய இரண்டரை டிகிரி. உங்கள் பிட்ச் அவ்வளவும் குறையும், கிளேராணி சொன்ன குத்தல் உங்களுக்கும் வரும். வளைத்த பிறகு டோவைச் சீவக் கொஞ்சம் மரம் விட்டுவையுங்கள். அதனால்தான் நீளத்தை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வது.

#12 · பழங்குழல்

கோபமெல்லாம் இல்லை தம்பி. ரேகை நேராக இருந்தால் வளைப்பதில் எனக்குத் தடையில்லை, அறுப்பதுதான் எனக்கு ஆகாது. சிலர் டிராப் குறையட்டும் என்று கட்டையைப் பின்னால் அறுத்துவிடுவார்கள். சரிவில் பின்பக்கத்தை வெட்டினால் ஹீலின் எண் குறையும், உண்மைதான், ஆனால் மேல்விளிம்பின் மரம் ஒரு நூல்கூட உயர்ந்திருக்காது, கட்டை குட்டையானதால் கன்னம் கொஞ்சம் முன்னே போய் உட்காரும், அவ்வளவுதான். காகிதத்தில் மட்டும் துப்பாக்கி சரியாகிவிடும்.

வளைத்த மரம் ஈரக்காற்றில் கொஞ்சம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். சில மாதம் கழித்து ஒருமுறை சட்டம் வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், ரிப். லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழல்களுக்கு ஒடுங்கிய, உயர்த்திய ரிப் வைத்தார், குட்டைக்குழல் கண்ணுக்கு நீளமாகத் தெரியட்டும் என்று. அப்படிப்பட்ட ரிப் உள்ள துப்பாக்கியின் டிராப் எண்ணையும் பள்ள ரிப் உள்ளதன் எண்ணையும் அருகருகே வைத்துப் பேசுவது வீண்.

#13 · நூல்குண்டு

டிரை-கன் யாரிடமாவது இருந்தால் வளைப்பதற்கு முன்னால் ஒருமுறை அதையும் சுட்டுப் பாருங்கள். கட்டையில் மூட்டுகள் வைத்து எல்லா அளவும் திருகி மாற்றும்படி இருக்கும். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் பட்டறைகள் வாடிக்கையாளருக்கு அளவெடுப்பது இதை வைத்துத்தான். ஆனால் ஓவர்-அண்டர் டிரை-கன்னில் எடுத்த அளவை சைடு-பை-சைடுக்கு அப்படியே போடக்கூடாது, காரணம் மேலே எழுதியதுதான்.

#14 · கிளேராணி

கைப்பிடி பற்றியும் ஒன்று. நேரான கைப்பிடியில் கை முன்விசையிலிருந்து பின்விசைக்கு வழுக்கிப் போகும், பின்விசைக்கு நீளம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைவு. சிலர் இரண்டாவது குண்டுக்குக் கையை நகர்த்தாமல் விரலை மட்டும் மடக்குவார்கள், அப்போது விசைக்காப்பின் பின்பகுதி நடுவிரலில் இடிக்கும். கட்டை குட்டை என்று நினைத்துவிடுவார்கள். இருவிசைக்கு அப்படி இடிக்கிறதா?

முன்னால் பிடிக்கும் கை மெல்லிய முன்கட்டையில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் குழலையே பிடிக்க வேண்டும். கை முன்னே போகப் போகத் தோள் திறக்கும், வேண்டிய நீளமும் மாறும். ஓவர்-அண்டர் பிடியிலேயே இதையும் பிடித்தால் 14¼ உங்களுக்குப் போதும் என்றே தோன்றும்.

#15 · இருவிசை

நடுவிரலில் இடித்தது உண்மை, கையை நகர்த்தியதும் நின்றுவிட்டது.

கட்டையை வளைத்தாகிவிட்டது. ரேகை கழுத்தில் நேராக ஓடியது, விரிசல் இல்லை. இப்போதைய அளவு: முனையில் 1 7/16, ஹீலில் 2¼க்கு ஒரு மயிர் மேல். காஸ்ட் ஹீலில் 1/4, டோவில் 3/8. மேல்விளிம்பின் இடப்பக்கத்தை 1/16 சீவி எண்ணெய் பூசினார்கள். டோ சொன்னபடியே குத்தியது, அதைச் சீவி, குழல்வாய் சுவரிலிருந்து மறுபடியும் 2 அங்குலம் விலகும்படி செய்தோம். நீளத்துக்கு 3/8 அங்குலத்தில் மரத்துண்டு மட்டும், ரப்பர் இல்லை.

தகட்டில் வலக்குழல் குறியிலேயே நடு, மேலே அரை அங்குலம்கூட இருக்கலாம். கன்னவலி போய்விட்டது.

#16 · தச்சன்கை

இடக்குழல்?

#17 · இருவிசை

அதையும் தனியாகச் சுட்டேன். ஒரு அங்குலம் வலப்பக்கம்.

#18 · நூல்குண்டு

இரண்டு குழலும் முன்னால் கொஞ்சம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்துத்தான் ஒட்டப்பட்டிருக்கும். வலக்குழல் சுடும்போது துப்பாக்கி வலப்பக்கம் உதைக்கும், இடக்குழல் இடப்பக்கம். அதை ஈடுகட்டத்தான் அந்தச் சாய்வு. தோட்டாவை மாற்றினால் இந்த ஒரு அங்குலமும் மாறும். 16 கஜத்தில் ரவை விரியும் அகலத்துக்கு அது ஒன்றுமே இல்லை, விட்டுவிடுங்கள்.

#19 · தச்சன்கை

ஆமாம், தொடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஹீலை மட்டும் ஒருமுறை அளந்து இங்கே எழுதுங்கள்.